ஒரே சளியில் பல சூடோமோனாஸ்கள்

"ரிப்போர்ட்டில் 'சென்சிட்டிவ்' என்றுதானே போட்டிருந்தது, அப்புறம் ஏன் மருந்து கேட்கவில்லை?" நுரையீரல் நோயாளிகளின் வீட்டார் எங்கள் ஆய்வகத்தில் அடிக்கடி கேட்பது இது. நியாயமான கேள்விதான். 'சென்சிட்டிவ்' என்றால் அந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று பொருள்.

சளியைக் கிருமி வளர்க்கும் பிளேட்டில் தடவி, வளர்ந்த காலனிகளில், அதாவது கண்ணுக்குத் தெரியும் கிருமித் திட்டுகளில், ஒன்றிரண்டை எடுத்துத்தான் ஆன்டிபயாடிக் சோதனை செய்கிறோம். புதிதாக வந்த தொற்றுக்குப் பெரும்பாலும் அது போதும். வருடக்கணக்கில் நுரையீரலில் குடியிருக்கும் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியாவுக்குப் போதாது.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். எப்போதோ உள்ளே புகுந்த ஒரே கிருமியின் வாரிசுகளே காலப்போக்கில் பலவாகப் பிரிந்துவிடுகின்றன. பிளேட்டில் ஒரு காலனி கொழகொழவென்று இருக்கும், இன்னொன்று பச்சை நிறமியோடு, வேறொன்று கடுகளவுக்கு. ஒரே மாதிரி தெரிகிற காலனிகள்கூட ஒரே மருந்துக்கு வெவ்வேறு விதமாகப் பதில் சொல்லும். நுரையீரலின் ஒவ்வொரு பகுதியிலும் சளியின் அடர்த்தியும் மருந்து போய்ச் சேரும் அளவும் வேறு. அங்கங்கே கிருமி தனித்தனியாக மாறுகிறது. இன்று இருமித் துப்பிய சளி எல்லாப் பகுதிக்கும் சாட்சி சொல்லாது.

மாறும் வேகமும் கவலை தருவது. 2000-இல் வெளியான ஒரு ஸ்பெயின் ஆய்வில், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள 30 பேரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோரிடம், டி.என்.ஏ. பிழைகளைத் திருத்தும் திறன் கெட்டு, அதனாலேயே மிக வேகமாக மாறும் சூடோமோனாஸ் இருந்தது. திடீர்த் தொற்று வந்த 75 பேரில் ஒருவரிடமும் அது இல்லை.

அதனால்தான் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் மருத்துவர்கள் ரிப்போர்ட்டை மட்டும் நம்பாமல், போன முறை எந்த மருந்துக்கு உடம்பு தேறியது என்பதையும் பார்க்கிறார்கள். சூடோமோனாஸ் முதல் தடவை தென்பட்டதுமே, அது பலவாகப் பிரிவதற்குள், டோப்ராமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை 28 நாள் மூச்சுவழி கொடுத்து ஒழிக்கப் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால், இந்த வாய்ப்பை ஒருபோதும் தவறவிடக் கூடாது.

நம் ஊரில் காசநோய் ஆறிய பிறகு மூச்சுக்குழாய் விரிந்துபோனவர்களிடமும் இதே கிருமி தங்கிவிடுவதுண்டு. அவர்கள் ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே, எச்சிலாக இல்லாமல் ஆழமாக இருமி எடுத்த சளியைக் கொடுக்க வேண்டும். நாள்பட்ட நோய் என்பதைப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள்; அது தெரிந்தால் தோற்றம் வேறுபடும் காலனிகளைத் தனித்தனியே சோதிப்போம். போன வருட ரிப்போர்ட்டைக் காட்டி மருந்துக்கடையில் அதே மாத்திரையை வாங்காதீர்கள். அந்த ரிப்போர்ட் சொன்ன கிருமி இப்போது அப்படியே இருக்கும் என்று எங்களாலேயே சொல்ல முடியாது.