வெல்டிங் வெளிச்சம் அடிச்ச கண்ணு ராத்திரி ஒரு மணிக்கு ஏன் எரியுது?

போன வருஷம் வீட்டு மாடிக்கு ஒரு கேட் போட்டோம். பட்டறையில இருந்து தம்பி ஒருத்தர் மட்டும் தான் வந்தாரு, ஹெல்பர் லீவாம், அதனால ஸ்கொயர் பைப்ப நான் தான் புடிச்சுகிட்டு நின்னேன். ஒவ்வொரு தடவ டேக் (ரெண்டு பைப்பையும் புடிச்சு நிறுத்தற சின்ன வெல்டிங் பொட்டு) வைக்கும்போதும் "அண்ணா கண்ண மூடிக்கோங்க"ன்னு சொல்லிகிட்டே தான் இருந்தாரு, நானும் மூடிகிட்டே தான் இருந்தேன், ஆனா பைப் நேரா இருக்கா கோணுதான்னு பாக்காம எப்படி புடிக்கறது, அப்பப்ப தொறந்துட்டேன். அஞ்சு மணிக்கு வேலை முடிஞ்சுது, டீ குடிச்சோம், காச கொடுத்து அனுப்பிட்டு ராத்திரி தோசை சாப்ட்டு படுத்தாச்சு. கண்ணுல ஒரு உறுத்தலும் இல்ல.

ஒரு மணிக்கு முழிப்பு வந்துச்சு. ரெண்டு கண்ணுலயும் மண்ண அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு, தொறக்க முடியல, மூடினாலும் முடியல, தண்ணி கொட்டோ கொட்டுன்னு கொட்டுது, அம்மா வந்து லைட்ட போட்டதும் கத்தியே போட்டேன். அம்மா உடனே உருளைக்கிழங்க வெட்ட போயிட்டாங்க. கீழ் வீட்டு அக்காவுக்கு கைக்குழந்தை இருக்கு, விடிஞ்சதும் தாய்ப்பால் ரெண்டு சொட்டு கேட்டு வாங்கி விடலாம்னு வேற சொன்னாங்க. காலையில போன் பண்ணா பட்டறை தம்பி அவரு பங்குக்கு ஒரு சொட்டு மருந்து பேர சொன்னாரு, "விட்டதும் அப்படியே ஐஸ் மாதிரி ஆயிடும்ணா, நாங்க எல்லாம் அத தான் விடுவோம்". இந்த மூணு வைத்தியத்துல எது பரவாயில்ல, எது வெட்டி வேலை, எது கண்ணையே காலி பண்ணும்னு புரியணும்னா முதல்ல அங்க என்ன நடக்குதுன்னு தெரியணும்.

கண்ண கூச வைக்கற அந்த வெள்ளை வெளிச்சம் இதுக்கு குற்றவாளி இல்ல. நம்ம கண்ணுக்கு தெரியற வெளிச்சத்தோட அலைநீளம் சுமாரா 400ல இருந்து 700 நானோமீட்டர் வரைக்கும், அதுக்கு கீழ 100 வரைக்கும் இருக்கறது தான் புற ஊதா, யூவி. அதுல 315க்கு மேல ஏ, 280ல இருந்து 315 பி, அதுக்கும் கீழ சி. வெயில்ல இருக்கற சி வகைய வானத்துலயே ஓசோனும் ஆக்சிஜனும் சேர்ந்து தடுத்துருது, தரைக்கு வர்றதே இல்ல. வெல்டிங் ராடு நுனியில எரியற ஆர்க் சும்மா இல்ல, மூணு வகையையும் அள்ளி வீசும், அதுக்கும் நம்ம முகத்துக்கும் நடுவுல ஓசோன் எங்க இருக்கு, ஒரு ரெண்டடி காத்து தான் இருக்கு.

கார்னியாங்கறது கருவிழிக்கு முன்னாடி வாட்ச் கண்ணாடி மாதிரி இருக்கற படலம், மொத்தமே அர மில்லிமீட்டர் சொச்சம் தான். 290க்கு கீழ வர்ற யூவிய கிட்டத்தட்ட முழுசா இதுவே உள்வாங்கிக்கும், உள்ள இருக்கற லென்ஸுக்கோ, பின்னாடி இருக்கற விழித்திரைக்கோ (ரெட்டினா) விடாது. நல்ல காவல்காரன் தான், ஆனா அடிய தானே வாங்கிக்குது. அதுலயும் 270 நானோமீட்டர் பக்கம் வர்ற யூவிக்கு இது ரொம்ப வீக். அந்த இடத்துல ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 4 மில்லிஜூல் சக்தி பட்டாலே காயம் ஆரம்பிச்சிடும். 4 மில்லிஜூல்னா எவ்வளவுன்னு கேட்டா, அத வெச்சு ஒரு கிராம் தண்ணிய ஆயிரத்துல ஒரு டிகிரி கூட சூடு பண்ண முடியாது! அதனால தான் அடிக்கும்போது சுடவே மாட்டேங்குது. இது தோசைக்கல்லுல கை வெச்ச மாதிரி சூட்டுப்புண் இல்ல, செல்லுக்குள்ள இருக்கற டிஎன்ஏவையும் புரதத்தையும் யூவி நேரா உடைக்கற வேலை. கண்ணுக்கு தெரியாது, சுடாது, அப்புறம் எப்படி நாம உஷாராகறது.

நான் பண்ணின தப்பு என்னன்னா ஒரு செகண்டு தானே பாத்தோம், ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சது. அந்த ஒரு செகண்டோட கணக்கு முடியறதில்ல, ஒரே நாள்ல பத்து தடவ ஒவ்வொரு செகண்டு பாத்தா பத்தும் கூட்டிகிட்டே போகும். ஆறேழு மணி நேரத்துல நான் எத்தன தடவ தொறந்தேன்னு எனக்கே தெரியாது.

சரி, அஞ்சு மணிக்கு வராத வலி ஒரு மணிக்கு ஏன் வருது. கார்னியாவோட மேல் தோல் அஞ்சாறு அடுக்கு செல் தான், எல்லாம் சேத்து ஒரு தலைமுடி தடிமன் கூட வராது. அடி வாங்கின செல்லு அந்த நிமிஷமே செத்துப் போறதில்ல. டிஎன்ஏ தேறுமா தேறாதான்னு பாத்து, தேறாதுன்னா தன்னைத்தானே முடிச்சுக்கற ஒரு ஏற்பாடு ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் இருக்கு, அது நடந்து முடிய சில மணி நேரம் புடிக்கும். அதுக்கப்புறம் தான் மேல் அடுக்கு பொட்டுப் பொட்டா உரிய ஆரம்பிக்கும், அடியில இருக்கற நரம்பு நுனியெல்லாம் வெளிய வரும். கார்னியாவுல வலி நரம்பு தோல விட நூத்துக்கணக்கான மடங்கு நெருக்கமா இருக்கு, அந்த நரம்பு மேல ஒவ்வொரு தடவ இமை சிமிட்டும்போதும் இமை உரசுது. மண்ணே இல்லாம மண்ணு விழுந்த மாதிரி இருக்கறது இதனால தான். அடிபட்டதுல இருந்து பெரும்பாலும் 6ல இருந்து 12 மணி நேரத்துல இது நடக்கும், அடி பலமா இருந்தா இன்னும் சீக்கிரமே வரும். பகல்ல வேலை பாத்தவனுக்கு கணக்கு சரியா நடுராத்திரில வந்து நிக்குது. வேற மாயம் ஒண்ணும் இல்ல.

டாக்டர் கிட்ட போனா ஒரு ஆரஞ்சு கலர் சொட்ட விட்டு நீல வெளிச்சத்துல பாப்பாரு, தோல் உரிஞ்ச இடமெல்லாம் பச்சையா புள்ளி புள்ளியா மின்னும். எனக்கு காட்டின போட்டோவுல கண்ணு ராத்திரி வானம் மாதிரி இருந்துச்சு.

நல்ல சேதி என்னன்னா இதுக்கு மருந்தே கண்ணு தான். உரிஞ்ச இடத்துக்கு பக்கத்துல இருக்கற செல்லெல்லாம் நகர்ந்து வந்து மூடும், கருப்பும் வெள்ளையும் சேர்ற ஓரத்துல இருக்கற ஸ்டெம் செல்லு புதுசு புதுசா அனுப்பிகிட்டே இருக்கும். சாதாரணமாவே இந்த மேல் தோல் வாரம் பத்து நாளுக்கு ஒரு தடவ முழுசா மாறிகிட்டு தான் இருக்கு, அதனால இந்த வேலை அதுக்கு பழக்கம். பெரும்பாலும் ஒரு நாள் ரெண்டு நாள், மிஞ்சிப் போனா மூணு நாள்ல சரியாயிடும். அதனால வீட்டு வைத்தியம்னா அதுக்கு குறுக்க நிக்காம இருக்கறது தான், கூடவே வலிய கொஞ்சம் தாங்கிக்கற மாதிரி பண்றது.

கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தா முதல் வேலையா கழட்டிடணும், கண்ணு முழுசா ஆறற வரைக்கும் திரும்ப தொடவே கூடாது. ரூம இருட்டாக்கிட்டு சுத்தமான துணிய ஐஸ் தண்ணில நனைச்சு புழிஞ்சு மூடின கண்ணு மேல போட்டுக்கணும், ஐஸ் கட்டிய நேரா வைக்க வேண்டாம். மெடிக்கல்ல கண்ணு வறட்சிக்கு கொடுக்கற லூப்ரிகேட்டிங் டிராப்ஸ், கார்பாக்சிமெதில் செல்லுலோஸ்னு போட்டிருக்கும், பிரிசர்வேட்டிவ் இல்லாததா கேட்டு வாங்கி மணிக்கொரு தடவ கூட விடலாம். அது புண்ண ஆத்தாது, ஆனா இமைக்கும் புண்ணுக்கும் நடுவுல வழவழன்னு ஒரு படலம் நிக்கும்ல, உரசல் குறையும், ஃபிரிட்ஜ்ல வெச்சு விட்டா இன்னும் சுகமா இருக்கும். வலிக்கு பாராசிட்டமால் போதும், ஐபுப்ரோஃபென் இன்னும் நல்லா கேக்கும், ஆனா வயித்துப் புண்ணு, கிட்னி பிரச்சனை இருக்கறவங்க, மாசமா இருக்கறவங்க டாக்டர கேக்காம அத எடுக்கக் கூடாது. கசக்கவே கூடாது. கசக்கினா புதுசா நகர்ந்து வந்த செல்லையும் சேத்து உரிச்சு எடுத்துடுவோம். வண்டி ஓட்டறத பத்தி யோசிக்கவே வேண்டாம். முடிஞ்சா தூங்கிடணும், மூடின இமைய விட நல்ல கட்டு எதுவும் கிடையாது.

இப்ப உருளைக்கிழங்குக்கு வருவோம். மூடின கண்ணு மேல வெச்சா குளுகுளுன்னு இருக்கும், ஈரத்துணியும் அதையே தான் பண்ணுது, உருளைக்கிழங்குன்னு தனி மகிமை இல்ல. ஆனா அந்த சாறு உள்ள போனா மண்ணுல வெளஞ்ச கிழங்கோட கிருமியும் சேந்து போகுது, அதுவும் தோல் உரிஞ்ச கண்ணுக்குள்ள. தாய்ப்பாலும் அப்படித்தான், குழந்தை வயித்துக்கு அது அமிர்தம், ஆனா கிருமி நீக்கின மருந்து இல்ல, திறந்த புண்ணுல விட அது வேண்டாம். வெளக்கெண்ணெய், தேன், ரோஸ் வாட்டர், நந்தியாவட்டை சாறு எல்லாத்துக்கும் இதே பதில் தான். நம்ம சூட்டுக்கும் புழுதிக்கும் கார்னியா புண்ணுல காளான் புடிக்கறது தமிழ்நாட்டுல ரொம்ப சகஜம், ஆறறதுக்கு மாசக்கணக்காகும், சில பேருக்கு பார்வையே போயிருக்கு. ரெண்டு நாள்ல தானா ஆறப் போறத எதுக்கு அங்க கொண்டு போய் விடணும்.

பட்டறை தம்பி சொன்ன ஐஸ் சொட்டு தான் இருக்கறதுலயே ஆபத்து. அது மரத்துப் போக வைக்கற மருந்து, ப்ரோபாராகெயின் மாதிரி. டாக்டருங்க கண்ண பரிசோதிக்க ஒரு சொட்டு விடுவாங்க, விட்ட நிமிஷமே வலி போயிடும், அதனால தான் அதுக்கு அவ்வளவு பேரு. இதோட மூதாதை கோகெயின். 1884ல கார்ல் கோலர்னு ஒரு இளம் டாக்டர் வியன்னால அத கண்ணுல விட்டு மரத்துப் போகுதுன்னு கண்டுபிடிச்சாரு, 1911ல தென் துருவத்துக்கு கிளம்பின ஸ்காட் குழுவுல பனியில பட்டுத் திரும்பற யூவி அடிச்ச கண்ணுக்கு ஜிங்க் சல்பேட்டோட கோகெயினும் விட்டுகிட்டாங்க. அப்ப வேற வழி இல்ல. பிரச்சனை என்னன்னா இது செல்லு நகர்றதையே நிறுத்திடும், திரும்பத் திரும்ப விட்டா புண்ணு ஆறாது, நாள்பட்டா கார்னியாவே கரைஞ்சு போற அளவுக்கு போகும், கண்ணுல ஒரு இரும்புத் தூளு குத்திகிட்டு இருந்தா கூட தெரியாது. ஸ்டீராய்டு சொட்டும், கண்ண வெள்ளையாக்கற சொட்டும் கூட நாமளா வாங்கி விடற சாமான் இல்ல.

இரும்புத் தூளுன்னு சொன்னேன்ல, அது முக்கியம். யூவி அடிச்சா பெரும்பாலும் ரெண்டு கண்ணும் சேந்து தான் வலிக்கும். ஒரு கண்ணு மட்டும் உறுத்துது, அன்னிக்கு கிரைண்டிங் போட்டிருக்கோம், ஸ்லாக் (வெல்டிங் மேல படியற கசடு) தட்டியிருக்கோம்னா அது வெல்டிங் அடிச்சதுன்னு முடிவு பண்ணிடாதீங்க, உள்ள ஏதோ விழுந்திருக்கலாம், காலையில முதல் ஆளா கண் ஆஸ்பத்திரிக்கு போயிடணும். சுத்தியல் அடிக்கும்போது பட்டதுன்னா காலை வரைக்கும் கூட வேண்டாம். ஒரு நாள் கழிச்சும் குறையல, வலி ஏறிகிட்டே போகுது, பார்வை மங்கலாவே நிக்குது, சீழ் வருது, கருப்புல வெள்ளையா ஒரு பொட்டு தெரியுது, இதுல எது இருந்தாலும் வீட்ல உக்காந்து ஈரத்துணி போட்டுகிட்டு இருக்கற விஷயமே இல்ல. குழந்தைங்கன்னாலும், லென்ஸ் போடறவங்கன்னாலும் நேரா காட்டிடறது நல்லது. கிரகணத்த வெறும் கண்ணுல பாத்து நடுவுல கரும்புள்ளி தெரியறது வேற கதை, அது ரெட்டினா காயம், அதுல வலியே இருக்காது.

வெல்டிங் பக்கமே போகாதவங்களுக்கும் இது வரும். புதுப் பனி யூவில 80 சதவீதம் வரைக்கும் திருப்பி அடிக்கும், ஆயிரம் மீட்டர் ஏறினா யூவி பத்து சதவீதத்துக்கு மேல கூடும், அதனால லடாக் மணாலின்னு போய் கூலிங் கிளாஸ் இல்லாம சுத்தினா ராத்திரி ஓட்டல் ரூம்ல இதே கச்சேரி தான். கொரோனா சமயத்துல கிருமி கொல்ற யூவி-சி லைட்ட வீட்டுக்கு வாங்கி எரியவிட்டுகிட்டே அதே ரூம்ல உக்காந்து கண்ண கெடுத்துகிட்டவங்க உண்டு. இன்னொன்னு பல பேருக்கு தெரியாது, மைதானத்துலயும் மேடையிலயும் போடற மெட்டல் ஹாலைடு லைட்டு. அதுல உள் குழாய் குவார்ட்ஸ், யூவிய விட்டுடும், வெளிக் கண்ணாடி தான் தடுக்குது. வெளிக் கண்ணாடி உடைஞ்சும் சில பல்பு ஜோரா எரியும், பாக்கறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது, விடியறதுக்குள்ள விசேஷத்துக்கு வந்த பல பேருக்கு கண்ணு செவந்திருக்கலாம்.

யூவி-சி லைட்டையும் ஆர்க்கோட யூவியையும் ஒரு சாதாரண பாலிகார்பனேட் கண்ணாடி, கிரைண்டிங்குக்கு போடற நிறமே இல்லாத அந்த மலிவு கண்ணாடி, கிட்டத்தட்ட முழுசா நிறுத்திடும். வெல்டருக்கு அது போதாது, அவருக்கு ஆர்க்கோட வெளிச்சமே கூசும், அதுக்கு பத்தாம் நம்பரோ அதுக்கு மேலயோ கருப்புக் கண்ணாடி வெச்ச ஷீல்டு தான் வேணும். பைப் புடிக்கற ஆளு அந்த மலிவு கண்ணாடி பக்கவாட்டுலயும் மூடற மாதிரி போட்டுகிட்டு, டேக் வைக்கும்போது மூஞ்சிய திருப்பிகிட்டாலே எனக்கு வந்தது வராது. ஆர்க்க நேரா பாக்கறதுக்கு மட்டும் அத நம்பக் கூடாது.

எனக்கு மூணாவது நாள் காலையில சுத்தமா சரியாயிடுச்சு. கேட்டுல ஒரு பைப் மட்டும் லேசா கோணல், நான் கண்ண மூடியிருந்தப்ப வெச்ச டேக்கு அது.