பழைய பாஸ்வேர்ட் இன்னும் வேலை செய்கிறதா?

சிங்கப்பூர் தேக்காவில் ஒரு காப்பிக்கடையில் ஒரு தம்பி என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "அண்ணா, வேலையை விட்டு ரெண்டு வாரம் ஆச்சு. பழைய ஆபிஸ் பாஸ்வேர்ட் இன்னும் வேலை செய்யுது. சும்மா உள்ளே போய்ப் பார்த்தேன், எதையும் தொடலை. விபிஎன் போட்டுத்தான் போனேன். பிரச்சினை வராதுல்ல?"

வரலாம். கணினித் தடயங்களை ஆராய்வது என் தொழில். இந்த "சும்மா" என்ற சொல்லை அடிக்கடி கேட்கிறேன்.

சிங்கப்பூரின் 1993ஆம் ஆண்டு கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டத்தில், அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். எதையும் திருடியிருக்க வேண்டியதில்லை. முதல் தடவைக்கே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். கணக்கை முடக்காமல் விட்டது நிறுவனத்தின் கவனக்குறைவுதான். ஆனால் அது உங்களுக்குத் தந்த அனுமதி ஆகாது.

சரி, விபிஎன்? அது ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் உங்கள் இணைப்பைக் காட்டும் எண்ணை, மறைக்கும். எந்தக் கணக்கு, எத்தனை மணிக்கு, எந்தக் கோப்பு என்பதெல்லாம் உள்ளே பதிவாகிக்கொண்டுதான் இருக்கும். அந்தப் பதிவை (லாகை) அழித்தாலும், பல நிறுவனங்களில் அதன் நகல் உடனுக்குடன் வேறொரு சர்வருக்குப் போய்விடுகிறது. நகலில் இருக்கும் வரி அசலில் காணோம் என்றால், என் கண் முதலில் அந்த வரிக்குத்தான் போகும். தப்பென்று தெரிந்தே செய்தார் என்பதற்கும் அதுவே சாட்சியாகிவிடலாம்.

இங்கேயே நடந்த வழக்கு ஒன்று. 2022இல் வேலை பறிபோன ஐடி ஊழியர் ஒருவர், நிர்வாகிக் கணக்கு வழியே பழைய நிறுவனத்தின் கணினிகளுக்குள் திரும்பத் திரும்ப நுழைந்தார். முன்னாள் சக ஊழியருடன் தங்கியிருந்தபோது அவருடைய வைஃபையையும் பயன்படுத்தினார். 2023 மார்ச்சில் 180 மெய்நிகர் சர்வர்களை (மென்பொருளால் உருவாக்கிய சர்வர்களை) அழித்தார். போலீஸ் ஐபி முகவரியைப் பிடித்துப் போய் மடிக்கணினியை எடுத்தபோது, அழிக்கப் பயன்பட்ட ஸ்கிரிப்ட் (கட்டளைக் கோப்பு) அதிலேயே இருந்தது. நிறுவனத்துக்கு நட்டம் சுமார் 918,000 வெள்ளி. 2024இல் அவருக்குக் கிடைத்தது 2 ஆண்டு 8 மாதச் சிறை. ஊரில் அவர் பணத்தை நம்பி யார் யார் இருந்தார்களோ என்று நினைக்கும்போது எனக்கு மனசு கனக்கிறது.

எல்லை தாண்டினாலும் தப்பமுடியாது. 2013இல் 'தி மெசையா' என்ற பெயரில் இணையத்தளங்களைத் தாக்கியவர் கோலாலம்பூரில் பிடிபட்டார். 2015இல் 4 ஆண்டு 8 மாதச் சிறை.

தம்பியிடம் சொன்னேன்: இனி அந்தப் பக்கமே போகாதீர்கள். எதையும் அழிக்காதீர்கள், பிரவுசர் ஹிஸ்டரியைக்கூட. நாளைக்கே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். வேலையை விடும் மற்றவர்கள், கையில் இருக்கும் கணக்குகளைப் பட்டியல் போட்டு, எல்லாவற்றையும் முடக்கச் சொல்லி மனிதவளத் துறைக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். முடக்கிவிட்டோம் என்று அவர்கள் எழுதும் பதிலைப் பத்திரமாக வைத்திருங்கள்.