பறவை மனிதருக்கு ஒரு நுரையீரல்

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் மாயாஜாலக் கதை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறாராம். அதில் மலை உச்சியில் வாழும் பறவை மனிதர்கள் வருகிறார்கள். யாருக்கும் தலை வணங்காத இனம். தரையில் நடப்பவர்களை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். "ஆளுக்கு 60 கிலோ எடை என்று வைத்திருக்கிறேன். இவர்களால் நிஜமாகவே பறக்க முடியுமா, சார்?" என்று கேட்டிருக்கிறார்.

முடியும். ஆனால் கதையில் சில இடங்களைத் திருத்த வேண்டியிருக்கும்.

உடலின் அளவு இரண்டு மடங்கானால் சிறகின் பரப்பு நான்கு மடங்காகும், எடையோ எட்டு மடங்காகிவிடும். பள்ளிக் கணக்குதான். இன்று பறப்பவற்றில் மிகக் கனமான பறவைகளே சுமார் 18 கிலோவில் நின்றுவிடுவது இதனால்தான். இருந்தாலும் சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு அர்ஜென்டினாவில் வாழ்ந்த அர்ஜென்டாவிஸ் என்ற பறவை 70 கிலோ இருந்திருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இரண்டு சிறகையும் விரித்தால் முனைக்கு முனை ஏறக்குறைய 6 மீட்டர். விடாமல் சிறகடிக்கும் தெம்பு அதற்கு இருந்திருக்காது. மலைச்சரிவில் மேலெழும் காற்றில் ஏறி மிதந்திருக்க வேண்டும். எனவே பறவை மனிதர்களை மலை உச்சியில் குடியேற்றியது மிகச் சரி. அப்புறம், பறவையின் சிறகு என்பது அதன் கைதான். சிறகும் வேண்டும், வாள் பிடிக்கக் கையும் வேண்டும் என்றால் நடக்காது. கிளியைப் போலக் காலால் பிடிக்கப் பழக்குங்கள்.

சிறகைப் பற்றி இவ்வளவு போதும். எனக்குப் பறவையிடம் சிறகைவிட ஆச்சரியமாகத் தெரிவது அதன் நுரையீரல்.

முதலில் நம்முடையதைப் பார்ப்போம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு மூச்சுக்கு அரை லிட்டர் காற்று உள்ளே போகிறது. ஆனால் மூச்சை விட்ட பிறகும் இரண்டு லிட்டருக்கு மேல் பழைய காற்று நெஞ்சுக்குள்ளேயே தங்கியிருக்கிறது. புதுக்காற்று அதோடு கலந்துதான் ஆக வேண்டும். போன வழியிலேயே திரும்பியும் வர வேண்டும். கொல்லன் பட்டறையில் துருத்தி வேறு, உலை வேறு. நம் உடம்பில் நுரையீரலே துருத்தி, நுரையீரலே உலை.

பறவை இந்த இரண்டு வேலைகளையும் பிரித்துவிட்டது. அதன் நுரையீரல் விரிவதுமில்லை, சுருங்குவதுமில்லை. கறிக்கடையில் வாங்கி வந்த கோழியைக் கழுவியவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: முதுகுப்பக்கம் விலா எலும்புகளின் இடுக்கில் பஞ்சு போல ஒட்டிக்கொண்டு, விரலால் நோண்டினாலும் முழுதாக வராத அந்தச் சிவப்புத் துண்டுதான் நுரையீரல். எடுத்துப் பார்த்தால் அதன் மேல் விலா எலும்பின் தடம் வரிவரியாகப் பதிந்திருக்கும். துருத்தி வேலையைச் செய்பவை உடலெங்கும் பரவியிருக்கும் மெல்லிய காற்றுப்பைகள். பெரும்பாலான பறவைகளுக்கு ஒன்பது.

இப்போது ஒரே ஒரு மடக்குக் காற்றின் பின்னாலேயே போவோம். பறவை மூச்சை இழுக்கிறது. காற்றின் பெரும்பகுதி நுரையீரலைத் தாண்டி நேரே பின்பக்கப் பைகளுக்குப் போய்விடுகிறது. மூச்சை விடுகிறது, அந்தக் காற்று வெளியே வராமல் பின்பக்கப் பைகளிலிருந்து நுரையீரலுக்குள் நுழைகிறது. மறுபடி இழுக்கிறது, நுரையீரலில் இருந்த காற்று முன்பக்கப் பைகளுக்கு நகர்கிறது. மறுபடி விடும்போதுதான் வெளியே வருகிறது. உள்ளே போன காற்று வெளியே வர இரண்டு மூச்சு! இதனால் கிடைக்கும் லாபம் என்ன? நுரையீரலின் நுண்குழாய்களில் காற்று எப்போதும் ஒரே திசையில், பின்னிருந்து முன்னாக ஓடிக்கொண்டே இருக்கிறது. இழுக்கும்போதும் ஓடுகிறது, விடும்போதும் ஓடுகிறது. இரட்டைத் துருத்தி வைத்த உலை போல அனல் தணிவதே இல்லை.

இதில் எனக்கு மிகப் பிடித்தது, வழியில் எங்குமே கதவு கிடையாது என்பது. நம் இதயத்தில் இருப்பது போன்ற வால்வு ஒன்றுகூட இல்லை. குழாய்கள் பிரியும் கோணமும், காற்று பாயும் வேகமும் சேர்ந்தே அதை இந்தப் பக்கம் போ, அந்தப் பக்கம் போகாதே என்று திருப்பிவிடுகின்றன. நுரையீரல் விரிந்து சுருங்க வேண்டியதில்லை என்பதால் அதன் சுவர்களும் மிக மெல்லியவை. ஆக்சிஜன் சட்டென்று ரத்தத்துக்குள் புகுந்துவிடும்.

குளிர்காலத்தில் நெல்லை மாவட்டம் கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்துகளை ஒருமுறை போய்ப் பாருங்கள். இமயமலையைக் கடந்து வருபவை அவை. 7,000 மீட்டருக்கு மேலேகூட இந்த இனம் சிறகடித்துப் பறந்தது பதிவாகியிருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிகூடக் கிடையாது. 1973-இல் ஆப்பிரிக்காவின் அபிஜான் நகருக்கு மேலே ஒரு விமானத்தில் மோதிய பிணந்தின்னிக் கழுகு பறந்துகொண்டிருந்த உயரம் சுமார் 11,300 மீட்டர்.

அந்தக் கழுகின் உறவுகள் நம் நாட்டில் 1990-களில் கூட்டம் கூட்டமாகச் செத்தன. வெண்முதுகுக் கழுகுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்தன. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து, அந்த மாடு செத்த பிறகு அதைத் தின்ற கழுகுகளைக் கொன்றதுதான் காரணம் என்று 2004-இல் தெரிந்தது, செத்த கழுகுகளை அறுத்துப் பொறுமையாகச் சோதித்தவர்களால். 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. கழுகு ஆராய்ச்சிக்கு எதற்குக் காசு என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. சடாயுவைக் கும்பிடுகிற ஊரில் இந்தக் கேள்வி வரவே கூடாது.

இந்த நுரையீரலுக்கு ஒரு விலையும் உண்டு. நல்ல காற்றை வேகமாக இழுப்பது நச்சுக்காற்றையும் அப்படியே இழுக்கும். பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் 1986 வரை கானரிக் குருவிகளை வைத்திருந்தது இதனால்தான். ஆளுக்கு முன்னால் குருவி மயங்கிவிடும். பறவை மனிதர்களின் கோட்டையைத் தாக்க வருகிறவனுக்கு வில் அம்பு தேவையில்லை, அடிவாரத்தில் புகை மூட்டினால் போதும். இன்னொன்று: நெஞ்சையும் வயிற்றையும் பிரித்து மூச்சிழுக்க உதவும் உதரவிதானம் என்ற தசை பறவைக்கு நம்மைப் போல இல்லை, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் பைகள் விரியும். குஞ்சைக் கையில் இறுக்கிப் பிடிக்காதே என்று பாட்டிமார் சொல்வது சரியான அறிவுரை. உங்கள் வீரர்களுக்கு இரும்புக் கவசம் மாட்டியிருந்தால் தயவுசெய்து கழற்றிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. காற்றுப்பைகள் எலும்புக்குள்ளும் நுழைகின்றன. நன்றாக வளர்ந்த நாட்டுக்கோழியின் சிறகில், தோளை ஒட்டிய முதல் எலும்பை உடைத்துப் பாருங்கள். கால் எலும்பைப் போல உறிஞ்ச மஜ்ஜை இருக்காது, வெறும் கூடு. தோள்மூட்டருகே ஒரு துளையும் தெரியும். காற்றுப்பை நுழைந்த வாசல் அது. 18-ஆம் நூற்றாண்டில் ஜான் ஹண்டர் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் ஒரு கோழியின் சிறகெலும்பை வெட்டிவிட்டு அதன் மூச்சுக்குழாயைக் கட்டினார். கொடூரமான சோதனை, இன்று யாரும் அனுமதிக்க மாட்டார்கள். ஆனால் வெட்டிய எலும்பின் வழியாகக் காற்று நுரையீரலுக்குப் போய் வந்ததை அவர் கண்டார்.

இராவணன் சிறகை வெட்டி வீழ்த்திய பிறகும் சடாயு இராமன் வரும்வரை உயிரைப் பிடித்துவைத்திருந்து செய்தி சொன்னான். காவியத்துக்குள் அறிவியலைத் தேடுவது எனக்குப் பிடிக்காது, இங்கும் தேடவில்லை. ஆனால் நீங்கள் கதைதானே எழுதுகிறீர்கள்? குரல்வளை நெரிக்கப்பட்டுக் கிடக்கும் உங்கள் பறவை அரசி, முறிந்த தன் சிறகெலும்பின் வழியாக மூச்சை இழுக்கட்டும்.