ஒரே முகூர்த்தம், இரண்டு அட்வான்ஸ்

திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். தை மாதத்து முகூர்த்த நாள் ஒன்றுக்கு இரண்டு வீட்டாரிடம் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார்கள். முதல் வீட்டார் சமையல்கட்டைப் பார்க்க வந்த அன்றுதான் விஷயம் வெளியே தெரிந்தது. மண்டபத்துக்கார அண்ணாச்சி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் கம்ப்யூட்டர் கடைக்கு வந்துவிட்டார். "கம்ப்யூட்டரு அழிச்சிட்டு தம்பி. நான் எழுதினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

எதுவும் அழியவில்லை. முன்பதிவுப் பட்டியல் ஒரு எக்செல் ஃபைல். அது அவர் போனிலும் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் ஒத்திசையும் ஃபோல்டரில், அதாவது ஒன்றில் மாற்றினால் மற்றதிலும் மாறும் ஃபோல்டரில், இருந்தது. சொந்தக்காரர் வீட்டுக்கு, டவர் கிடைக்காத ஊருக்குப் போயிருந்த அண்ணாச்சி, போனிலேயே அந்தத் தேதியைக் குறித்திருக்கிறார். அதே மதியம் மேனேஜர் ஆபீஸில் அதே கட்டத்தில் வேறொரு பெயரை எழுதியிருக்கிறார். மாலையில் சிக்னல் வந்ததும் இரண்டும் சந்தித்தன. எது சரி என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? மேனேஜர் எழுதியதைப் பழைய பெயரிலேயே விட்டுவிட்டு, அண்ணாச்சி எழுதியதை நீளமான பெயரோடு தனி ஃபைலாகப் பக்கத்திலேயே வைத்துவிட்டது. மூன்று வாரமாக அது அங்கேயே கிடந்தது. யாரும் திறந்து பார்க்கவில்லை. ஒரு வீட்டாருக்கு வேறு மண்டபம் பிடித்துக் கொடுத்து, வாடகையில் வந்த வித்தியாசத்தையும் அண்ணாச்சியே கட்டினார்.

ஒத்திசைவு, அதாவது சிங்க், என்றால் காப்பி எடுப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. போன தடவை இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்ததற்குப் பிறகு யார் மாறியிருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் அதன் வேலை. ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் தொல்லை இல்லை, மாறியது மற்ற பக்கத்துக்குப் போகும். இரண்டு பக்கமும் மாறியிருந்தால்தான் சிக்கல். அப்போது ஒன்று, இரண்டையும் வைத்துக்கொள்ளும். இல்லையென்றால் புதியதை வைத்துப் பழையதை விட்டுவிடும், அல்லது ஏற்கனவே சொல்லிவைத்த பக்கத்தை ஜெயிக்க விடும், அல்லது உங்களையே கேட்கும். 1996-இல் வந்த பாம் பைலட் என்ற கையடக்கக் கணினி காலத்திலிருந்தே இதே கதைதான். கம்ப்யூட்டரோடு இணைத்த தொட்டிலில் அதை வைத்து பட்டனை அழுத்தினால் ஒரே முகவரி இரண்டு தடவை வந்து நிற்கும். அலுத்துக்கொண்டார்கள். ஆனால் எதுவும் தொலையவில்லை. நான் எப்போதும் 'இரண்டையும் வை' கட்சி. குப்பை சேரும், பொறுக்கிக்கொள்ளலாம்.

பொறுக்க வேண்டுமானால் அடையாளம் தெரிய வேண்டும். ஒத்திசைக்கும் மென்பொருள் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. டிராப்பாக்ஸ், ஃபைல் பெயரோடு 'கான்ஃப்ளிக்டட் காப்பி' என்று எழுதித் தேதியையும் போடும். ஒன்டிரைவ் பெரும்பாலும் கம்ப்யூட்டரின் பெயரைக் கடைசியில் ஒட்டிவைக்கும். சிங்க்திங் 'சிங்க்-கான்ஃப்ளிக்ட்' என்று தேதி, நேரத்தோடு எழுதும். வாரம் ஒரு தடவை 'conflict' என்ற ஆங்கில வார்த்தையை, ஒன்டிரைவ் என்றால் கம்ப்யூட்டரின் பெயரை, ஃபோல்டருக்குள் தேடிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

மண்டபத்துக்கு நான் செய்துகொடுத்த ஏற்பாட்டில் தொழில்நுட்பம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பட்டியலில் எழுதும் உரிமை ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு மட்டும். அண்ணாச்சி போனில் பார்க்கலாம், எழுத முடியாது. யாராவது தேதி கேட்டால் மேனேஜருக்கு ஒரு போன். "இதுக்கா உனக்குக் காசு?" என்று கேட்டார். கொடுத்தார்.

அடுத்தது கடிகாரம். 'புதியதை வை' என்ற விதி, இரண்டு பக்கத்துக் கடிகாரமும் உண்மை பேசினால்தான் சரிவரும். பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டு மேல் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், பெரும்பாலும் சிஆர்2032. அது தீர்ந்துபோனால், கரண்ட் போய் வரும்போது தேதி பல வருஷம் பின்னால் ஓடிவிடும். நெட் இருந்தால் விண்டோஸ் திருத்திக்கொள்ளும். நெட் இல்லாத கடையில் அன்று தட்டிய கணக்கெல்லாம் பழைய தேதியிலேயே சேமிக்கப்படும். சாயங்காலம் கேபிள் போட்டு போனோடு ஒத்திசைத்தால், நேற்றைய ஃபைல் 'புதியது' என்று இன்றைய வேலையின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். தனித்தனிக் கணினிகளின் கடிகாரத்தை நம்பி எது முன், எது பின் என்று முடிவுசெய்ய முடியாது என்பதை கணினி விஞ்ஞானி லெஸ்லி லாம்போர்ட் 1978-லேயே கட்டுரையாக எழுதிவிட்டார். நம்மிடம் இன்னும் பேட்டரி மாற்றாத டெஸ்க்டாப் இருக்கிறது.

துபாயிலிருந்து லீவில் வருகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 32 ஜிபி வரையுள்ள மெமரி கார்டுகள் பெரும்பாலும் ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபைல்களைச் சேமிக்கும் வகை. அதில் ஃபைலின் நேரம் உள்ளூர் நேரமாக மட்டுமே பதியும், எந்த ஊர் நேரம் என்ற குறிப்பு இருக்காது. லேப்டாப்பை துபாய் நேரத்திலேயே விட்டுவிட்டால் நம் ஊரைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும். இங்கே காலை 11:30-க்குத் திருத்திக் கார்டில் சேமித்த ஃபைலுக்கு 10:00 என்று பதியும். போனில் 11 மணிக்குத் தொட்ட பழைய பிரதி அதைவிடப் புதியதாகத் தெரியும். ஊர் வந்து இறங்கியதும் நேர மண்டலத்தை மாற்றிவிட்டுப் பிறகு கார்டைச் செருகுங்கள்.

கணக்கு மென்பொருளின் டேட்டா ஃபோல்டரை அப்படியே ஒத்திசையும் ஃபோல்டருக்குள் வைக்காதீர்கள். ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும் பல ஃபைல்கள் அதில் உண்டு. பாதி புதிதாகவும் பாதி பழையதாகவும் வந்து சேர்ந்தால் திறக்கவே திறக்காது. மென்பொருளிலேயே உள்ள வசதியில் பேக்கப் எடுத்து, அந்த ஒற்றை ஃபைலை அனுப்புங்கள். அவுட்லுக் மெயில்களைச் சேர்த்துவைக்கும் பிஎஸ்டி ஃபைலையும் ஒத்திசையும் ஃபோல்டருக்குள் வைக்க வேண்டாம்.

புதுப் போன் வாங்கிய நாள்தான் எனக்கு அதிகக் கூட்டம். முதல் ஒத்திசைவில் 'சேர்' என்பதற்குப் பதிலாக 'மாற்று' என்று அழுத்திவிட்டு வருவார்கள். கம்ப்யூட்டரில் இருக்கும் நாலு நம்பர் போனுக்கு ஏறும், போனில் இருந்த நானூறும் போய்விடும். முதல் தடவைக்கு முன்னால் கான்டாக்ட் முழுவதையும் ஒரு ஃபைலாக ஏற்றுமதி செய்து தனியே வையுங்கள். அழிப்பதும் ஒத்திசையும் என்பதையும் மறக்க வேண்டாம். ஐகிளவுட் போட்டோஸ் போட்டிருந்தால் ஐபோனில் நீக்கிய படம் மேக்கிலும் போய்விடும். 'சமீபத்தில் நீக்கியவை' பகுதியில் 30 நாள் வரை இருக்கும்.

கூகுள் கான்டாக்ட்ஸில் தவறு நடந்திருந்தால் பதற வேண்டாம். கம்ப்யூட்டரில் உங்கள் கணக்கைத் திறந்து, அமைப்புகளில் 'மாற்றங்களைத் திரும்பப் பெறு' என்பதற்குப் போனால் கடந்த 30 நாளுக்குள் எந்த நேரத்துக்கு வேண்டுமானாலும் பட்டியலைத் திருப்பலாம். நீங்களே செய்யலாம், என்னிடம் வர வேண்டிய அவசியம் இல்லை. 31-ஆம் நாள் வந்தால் என்னாலும் முடியாது.