நாஸ் பெட்டியின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றாதீர்கள்

இந்த ஆண்டில் இது மூன்றாவது சம்பவம். ஓர் அச்சகம். வடிவமைப்பவரிடம் மேக், கணக்கரிடம் விண்டோஸ், மூலையில் ஒரு லினக்ஸ் கணினி; எல்லோருக்கும் பொதுவாக ஒரு நாஸ் பெட்டி, அதாவது எல்லாக் கணினிகளும் நெட்வொர்க் வழியாகக் கோப்புகளை வைத்து எடுக்கும் சேமிப்புப் பெட்டி. புதிதாக வாங்கிய விண்டோஸ் மடிக்கணினியில் மட்டும் பெட்டி திறக்கவில்லை. பொறுமையிழந்த ஒருவர் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி விண்டோஸில் மாட்டினார். உள்ளே எதுவும் தெரியாததால் காலி என்று நினைத்து ஃபார்மட் செய்துவிட்டார். எனக்கு அழைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது.

“விண்டோஸ் ஃபார்மட்டா, மேக் ஃபார்மட்டா?” என்று கேட்காத வாடிக்கையாளரே இல்லை. ஐயா, இரண்டும் வேண்டாம்! நாஸ் என்பது பெரிய பென்டிரைவ் அல்ல; அது தனிக் கணினி. பெரும்பாலும் உள்ளே ஓடுவது லினக்ஸ். ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது எக்ஸ்ட்4 அல்லது பிடிஆர்எஃப்எஸ் என்ற லினக்ஸ் ஃபார்மட். உங்கள் கணினி அதைத் தொடுவதே இல்லை. ஓட்டலில் விறகடுப்பா, காஸ் அடுப்பா என்று விசாரித்துவிட்டா தோசை கேட்கிறோம்? சப்ளையரிடம் சொன்னால் வருகிறது. இங்கே சப்ளையர் எஸ்எம்பி, அதாவது நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் முறை. மூன்று இயங்குதளங்களுக்கும் அவரைத் தெரியும். மேக்கில் ஆப்பிளின் பழைய பகிர்வு முறையான ஏஎஃப்பி எதற்கு? ஆப்பிளே 2013-இல் மேவரிக்ஸ் பதிப்பில் எஸ்எம்பிக்கு மாறிவிட்டது.

மடிக்கணினியின் கோளாறு அற்பமானது. 2024-இல் வந்த விண்டோஸ் 11 24எச்2 ப்ரோ, கடவுச்சொல் இல்லாத ‘கெஸ்ட்’ நுழைவை இயல்பாக ஏற்பதில்லை. நாஸில் ஆளுக்கொரு பயனர் கணக்கு தொடங்கியிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

யாரோ காணொளியில் சொன்னார் என்று எஸ்எம்பியின் பழைய பதிப்பான எஸ்எம்பி1-ஐ மீண்டும் இயக்காதீர்கள். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் புகுந்தது அந்த ஓட்டை வழியாகத்தான். ரூட்டரில் எஸ்எம்பியின் வாசலான 445-ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடுவதும் வேண்டாம். லினக்ஸை என்எஃப்எஸ் என்ற இன்னொரு பகிர்வு முறை வழியாக இணைத்தால் பயனர் எண் இரு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும். இல்லாவிட்டால் ‘அனுமதி இல்லை’ என்று நிற்கும்.

கோப்புக்குத் தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு ஒன்று. யூனிகோடில் ‘கொ’வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டாகவும் எழுதலாம். மேக்கிலிருந்து சில சமயம் பிரிந்து வரும். ‘கொடேஷன்’ என்று பார்வைக்கு ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் நின்று, பழைய விலை அச்சுக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

ஏற்கெனவே கழற்றிவிட்டீர்களா? எந்த டிஸ்க் பெட்டியின் எந்தத் தட்டில் இருந்தது என்று மார்க்கரால் எழுதி வையுங்கள். விண்டோஸ் என்ன கேட்டாலும் ‘ஆம்’ என்று அழுத்தாமல், தெரிந்தவரை அழையுங்கள். நள்ளிரவானாலும் பரவாயில்லை.