நரம்புத் தளர்ச்சியா, நரம்பணுச் சிதைவா?

மதுரையில் ஒரு கல்லூரி நடத்திய கருத்தரங்கின் அழைப்பிதழில் ‘நரம்புத் தளர்ச்சி நோய்களுக்குத் தாவரச் சேர்மங்கள்’ என்று தலைப்பிட்டிருந்தார்கள். பேசப்படவிருந்தவையோ நினைவை அழிக்கும் அல்சைமரும், இயக்கத்தைக் குலைக்கும் பார்க்கின்சனும். ‘நியூரோடிஜெனரேஷன்’ என்பதற்கு இந்தத் தமிழாக்கத்தை எத்தனையோ கட்டுரைகளில் பார்த்துச் சலித்தாயிற்று.

அந்த ஆங்கிலச் சொல்லின் முற்பகுதியான ‘நியூரோ’ கிரேக்கம். அதற்குத் தசைநாண், வில்நாண் என்பன பழம்பொருள்கள். நம் நரம்பும் யாழில் கட்டியதுதான். இன்றும் ‘நரம்பில் ஊசி போட்டார்கள்’ என்றால் இரத்தக் குழாயைத்தான் சொல்கிறோம். பிற்பகுதி இலத்தீன், தன் இனத்துக்குரிய இயல்பிலிருந்து வழுவுதல் என்று பொருள். மருத்துவத்தில் அது நரம்பணுக்கள் சிறிது சிறிதாக உருவும் செயலும் கெட்டு மடிவதைக் குறிக்கும்.

தளர்ச்சி என்னும் சொல்லுக்கு வேறொரு வீடு உண்டு. அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் பியர்ட் 1869-இல் ‘நியூராஸ்தீனியா’ என்ற பெயரில் எழுதிய சோர்வு நோய்க்கு அது மிகப் பொருத்தம். ‘அஸ்தீனியா’ என்றாலே வலுவின்மைதான். அங்கிருந்து அது நம் சுவர்களுக்கு வந்து சேர்ந்தது. மாதந்தோறும் இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் வைத்தியரைச் சந்திக்கலாம் என்று பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டும் விளம்பரத்தில் ‘நரம்புத் தளர்ச்சி’ என்பது எந்தக் குறையைச் சுட்டுகிறது என்பது பள்ளி மாணவனுக்கும் தெரியும். பெற்ற மகளின் பெயரையே மறந்துவிட்ட ஒரு மூதாட்டியின் நோய்க்கு அதே பெயரைச் சூட்டுவது அறிவுக்கும் பொருந்தாது, மரியாதைக்கும் பொருந்தாது.

அதைவிடப் பெரிய கேடு, அச்சொல் தரும் பொய்யான நம்பிக்கை. தளர்ந்த கட்டில் கயிற்றை இழுத்துக் கட்டலாம். இற்றுப்போன கயிற்றை என்ன செய்வது? பூனைக்காலி விதையில் லெவோடோபா இருக்கிறது; அது மூளையில் டோபமின் என்னும் செய்தி கடத்தும் பொருளாக மாறிப் பார்க்கின்சன் நோயாளியின் இயக்கத்தை எளிதாக்கும், ஆனால் நரம்பணுக்கள் மடிவதை நிறுத்துவதாக நிறுவப்படவில்லை. ஸ்னோடிராப் என்னும் குளிர்நாட்டுச் செடியில் கண்டறியப்பட்ட கேலன்டமின், 2001-இல் அமெரிக்காவில் அல்சைமர் மருந்தாக ஒப்புதல் பெற்றது. அதுவும் நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் அசிட்டைல்கோலின் சிதைக்கப்படுவதைக் குறைத்து, அறிகுறிகளை ஓரளவு தணிப்பதே. மஞ்சளின் குர்க்குமின் ஆய்வகத்தில் காட்டும் திறமையை நோயாளிகளிடம் காட்டவில்லை. உடல் அதை மிகக் குறைவாகவே ஈர்த்துக்கொள்கிறது. இவ்வளவையும் ‘தளர்ச்சிக்கு மருந்து’ என்று சுருக்கினால், படிப்பவர் ஒரு டானிக் பாட்டிலைத்தான் கற்பனை செய்வார். (சேர்மத்தை ‘மூலிகை’ என்று எழுதுவோரும் உண்டு. வல்லாரைத் துவையல் வேறு, வல்லாரையிலிருந்து பிரித்தெடுத்து அளவு கண்ட ஒரு பொருள் வேறு.)

ஆகவே ‘நரம்பணுச் சிதைவு’ என்பதே தக்கது. நரம்பு என்று மட்டும் சொன்னால் கைகால்களில் ஓடுவதையே மக்கள் நினைப்பார்கள். இந்நோய்களில் மடிவன பெரும்பாலும் மூளையின் அணுக்கள். ‘நரம்பணு’ பிடிக்காதவர் பாடநூல் வழியில் ‘நரம்புச் செல்’ என்று எழுதட்டும், அதில் எனக்கு வழக்கில்லை. சிதைவு என்றால் நோயாளி அஞ்சுவார் என்கிறார்கள். தசைச்சிதைவு என்ற சொல்லை மருத்துவமனைகளில் கூசாமல் சொல்லிவருகிறோமே. ‘ஸ்கிசோஃப்ரினியா’வைக் குறிக்கும் மனச்சிதைவோடு குழம்பும் என்ற மறுப்பில் சற்று நியாயம் உண்டு. ஆனால் அங்கே பிழை மனச்சிதைவு என்று பெயர் வைத்தவர்களுடையது, ஏனெனில் அந்நோயில் மனம் அழிந்து போவதில்லை.

மொழிபெயர்ப்பாளர்கள் பெயர்ச்சொல்லில் செய்யும் இந்தக் கவனக்குறைவு வினைமுற்றில் இன்னும் மோசமாகிறது. மூலத்தில் ‘பயன்படக்கூடும்’, ‘எலிகளில் காணப்பட்டது’ என்றிருப்பவை தமிழில் ‘குணமாக்கும்’ என்று முடிகின்றன. ‘கூடும்’ என்ற மூன்றெழுத்தைத் தட்டச்சு செய்ய அப்படி என்ன சிரமமோ தெரியவில்லை.