கோடைச் சீரமைப்பா, பச்சைக் கவாத்தா?

நேத்து ஒரு ஆப்பிள் மரம் வளக்கிற வீடியோ, 'சம்மர் ப்ரூனிங்'குக்குக் கீழ தமிழ் எழுத்துல திரும்பவும் 'கோடைகாலச் சீரமைப்பு'ன்னு ஓடுது. திரையில அந்த மனுஷன் சுவத்தோரமா படரவிட்ட மரத்துல இந்த வருஷம் விட்ட பக்கக்கிளைய புடிச்சு, அடியில இருக்கிற இலைக்கொத்த விட்டுட்டு அதுக்கு மேல மூணு இலை எண்ணி டக்குன்னு நறுக்குறாரு. இதுல என்னத்த சீரமைச்சாரு? சீரமைக்கிறது ரோட்டையும் ஏரிக்கரையையும்.

இப்படி கிளைய வெட்டிவிடுறத தோட்டக்காரங்க சொல்றது கவாத்து. பட்டாளத்து ட்ரில்லும் கவாத்துதான், அது உருது கவாயித், அரபில விதிகள்னு அர்த்தம். தமிழ் இல்லையேன்னு கூசுறவங்க கத்தரித்தல்னு சொல்லட்டும், எனக்கு சண்டை இல்ல, ஆனா நீலகிரி தேயிலைத் தோட்டத்துல போய் சொல்லிப் பாருங்க.

சண்டை 'கோடை'யோடதான். நமக்கு கோடைன்னா சித்திரை, வைகாசி. சிம்லா மலையில ஏப்ரல்ல ஆப்பிள் பூத்து நிக்கும், அப்பவா கத்திரி வைப்பாங்க? இந்த வெட்டு ஜூலை, ஆகஸ்ட்ல, அங்க அப்ப அடைமழை! இங்கிலாந்துக்காரனுக்கு அது சம்மர், அதுக்காக நம்ம தலையிலயும் கோடைய கட்டணுமா. பிரெஞ்சுக்காரன் தெளிவா 'தாய் ஆன் வேர்'ங்கிறான் (தமிழ்ல எழுதினா தாயும் வேரும் மாதிரி இருக்கு, ரெண்டும் இல்ல), பச்சையில வெட்டுறதுன்னு அர்த்தம். நாமளும் பச்சைக் கவாத்துன்னு சொல்லலாமே.

ஏன்னா விஷயமே இலைதான். குளிர்கால கவாத்துல மரம் மொட்டையா நிக்கும், வேர்ல சேத்து வச்ச சத்து பத்திரமா இருக்கும், அதனாலதான் அப்புறம் அந்த வேகத்துல துளிர்க்குது. பச்சைக் கவாத்துல போறது வேலை செஞ்சிட்டிருக்கிற இலை. மிச்ச இலைக்கு வெளிச்சம் கூடும், அந்த இலை பழுத்து உதிர்றது தள்ளிப்போகும், தனித்தனியா பாத்தா முன்னவிட நல்லாவே உணவு தயாரிக்கும், நிழல்ல கிடந்த காய் செவக்கும். ஆனா மரத்தோட மொத்த வரவு குறையும், ஓவரா வெட்டினா பழமும் சிறுத்துப்போகும். உள்ள நிழல்லயே வளந்த மெல்லிசு இலை, வெயில் பட்ட உடனே வெளி இலை மாதிரி உழைச்சிடாது. இந்த நஷ்டக் கணக்கு 'சீரமைப்பு'ல எங்க இருக்கு? மொழிபெயர்க்கிற ஒரு நண்பர்கிட்ட கேட்டா, அது கேக்க மரியாதையா இருக்காம். மரத்துக்கு என்னய்யா மரியாதை!

கொடைக்கானல்ல பேரிக்கா மரம் வச்சிருக்கிற அண்ணன்கிட்ட ரெண்டையும் சொல்லிப் பாத்தேன். சீரமைப்புன்னதுக்கு வேலி கட்டுறதான்னாரு. பச்சைக் கவாத்துன்னதும், "இலையோடவா? எவ்ளோ இலை விடணும்?"